சண்டே ஸ்கூல் அக்கா

திருச்சபைகளில் சிறுவர் ஊழியம் என்று சொல்லப்படுவதில் மூன்று வேலைகள் அடங்கும். ஞாயிறுதோறும் நடக்கும் ஞாயிறு பள்ளி முதலாவது. மே மாதத்தில் ஏறத்தாழப் பத்து நாள் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, அதாவது எல்லோர் வாயிலும் வரும் வி.பி.எஸ்., இரண்டாவது. கிறிஸ்துமஸ் நாடகம், வசனப் போட்டி, ஆண்டு விழா என்று வருடம் முழுக்கச் சிதறிக் கிடப்பவை மூன்றாவது. கத்தோலிக்கப் பங்குகளில் இதே பணி மறைக்கல்வி என்ற பெயரில், புதுநன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்பாக நடக்கிறது. இவற்றை நடத்துகிறவர்களில் சம்பளம் வாங்குகிறவர் அநேகமாக ஒருவரும் இல்லை. கல்லூரி மாணவி, தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் இளைஞர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட இல்லத்தரசி ஆகியோரே இங்கே ஆசிரியர்கள். வகுப்பில் அவர்களுக்கு 'சார்', 'மிஸ்' என்ற பட்டம் கிடைப்பது குறைவு. 'அக்கா', 'அண்ணா', 'ஆன்ட்டி' என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள்.

அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்றால் மாதச் சம்பளக்காரர் என்று பொருள். சபைத் தமிழில் 'ஊழியம்' என்ற சொல் பெரும்பாலும் சம்பளப் பேச்சே எழாத வேலையைக் குறிக்கிறது. ஒரே சொல் இரண்டு உலகங்களில் நேர் எதிராக நிற்பது வேடிக்கை.

வேப்பம்பட்டு போன்ற ஊர்களில் இந்தப் பணியின் தன்மை தெளிவாகத் தெரியும். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் திருநின்றவூருக்கு அடுத்த நிறுத்தம் வேப்பம்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தபின், வேலை தேடி வந்தவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. நகரத்துக்குள் வாடகை ஏற ஏற, மனை மலிவாகக் கிடைத்த இடங்களைத் தேடி ஜனங்கள் ரயில் பாதையை ஒட்டியே மேற்கே நகர்ந்தார்கள். வயல்கள் மனைகளாயின. சி.எஸ்.ஐ., லூத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே எனப் பல சபைகளின் குடும்பங்கள் ஒரே தெருவில் குடியேறின. இப்படி உருவான புறநகர்ச் சபைகளில் பல முதலில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடியவை. பிறகு தகரக் கொட்டகை, அதற்குப் பிறகுதான் கான்கிரீட். கட்டடம் வளரும்போதும் பெரியவர்களின் ஆராதனைக்கே முதலிடம் என்பதால், பிள்ளைகளின் வகுப்புக்குத் தனி அறை கடைசியில்தான் வரும். பக்கத்து ஊரான திருநின்றவூரில் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. புறநகர் ஞாயிறு பள்ளியின் வகுப்பறைகளும் பல வருடம் மனத்துக்குள்தான் இருக்கின்றன. நடைமுறையில் மாடிப்படியில் ஒரு வகுப்பு, மரத்தடியில் ஒரு வகுப்பு, ஆயர் வீட்டு வராந்தாவில் ஒரு வகுப்பு.

பிள்ளைகளைக் கூட்டி மதக் கல்வி தரும் வழக்கம் தமிழகத்துக்கு ஐரோப்பிய ஞாயிறு பள்ளிக்கு முன்பே வந்துவிட்டது. 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார், தெருவில் மணி அடித்துக்கொண்டு போய்ச் சிறுவர்களைத் திரட்டிப் பாடம் சொன்னார். அதே ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்வித்தார். அவருக்குத் தமிழ் அரைகுறைதான். எனவே பாடம் கற்ற பிள்ளைகளே வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தமிழ்நாட்டுச் சிறுவர் ஊழியத்தின் முதல் தன்னார்வலர்கள் யார் என்று கேட்டால், அந்தக் கடற்கரைப் பிள்ளைகளையே காட்ட வேண்டும்.

அந்த மனப்பாடத் தேவை தமிழ் அச்சு வரலாற்றையே தொடங்கி வைத்தது. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் அச்சானது. தமிழ் எழுத்து வார்ப்பு இல்லாததால் தமிழ்ச் சொற்கள் அதில் ரோமன் எழுத்தில் இருந்தன. 1578இல் கொல்லத்தில் இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளியானது. 16 பக்கமே உள்ள அந்தச் சிறு நூல்தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அதுவும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதற்கான ஞானோபதேசமே. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு, அடுத்த ஆண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே 1715க்குள் அச்சேறி முடிந்தது. ஆனால் தரங்கம்பாடிப் பள்ளிகளில் இருந்தவர்கள் சம்பள உபாத்தியாயர்கள். ஞாயிற்றுக்கிழமையில் சும்மா வந்து சொல்லிக்கொடுப்பவர் என்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

அந்த ஆள் பிறந்தது இங்கிலாந்தில். அங்கேயும் ஒரே நாளில் பிறக்கவில்லை. குளோஸ்டர் நகரத்தில் பத்திரிகை நடத்திய ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1769இல், ஹை விக்கம் என்ற ஊரில் ஹன்னா பால் என்ற பெண் இப்படியொரு வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். ரெய்க்ஸின் கையில் பத்திரிகை இருந்தது. பெயர் அவருக்குப் போயிற்று. அவர் கூட்டிய பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் வேலை செய்தவர்கள். ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு ஓய்வு. வகுப்பில் முதல் பாடம் எழுத்துக் கூட்டிப் படிப்பது. அதற்குப் பாடப்புத்தகம் வேதாகமம். பாடம் சொன்ன பெண்களுக்கு ரெய்க்ஸ் ஞாயிற்றுக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார். இயக்கம் பரவி, வகுப்புகள் நூற்றுக்கணக்கில் பெருகியதும் ஷில்லிங் கட்டுப்படியாகவில்லை. மெதடிஸ்டு சபையார் முதலானோர் கூலியில்லாத ஆசிரியர்களைத் திரட்டினார்கள். 1831 வாக்கில் பிரிட்டனில் சுமார் 12.5 லட்சம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குப் போனதாகக் கணக்கு உண்டு. 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, எழுத்துப் பாடத்தை அரசுப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஞாயிறு பள்ளிக்கு மதப் பாடம் மட்டும் மிஞ்சியது. கூலியில்லாத ஆசிரியரும் அப்படியே தங்கிவிட்டார்.

இந்தியாவில் சபைகளின் ஞாயிறு பள்ளிகளை ஒருங்கிணைக்க 1876இல் அலகாபாத்தில் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் தொடங்கியது. அதன் தலைமையகம் பின்னர் குன்னூருக்கு வந்தது. வி.பி.எஸ். அதற்கும் பிந்தியது. 1898இல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற பெண்மணி, கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக, வேறு இடம் கிடைக்காமல் ஒரு பீர் கடையை வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினார். அந்த யோசனைதான் உலகம் சுற்றி வந்தது. தமிழ்நாட்டில் 1950களில் தென் மாவட்டங்களில் அது வேகம் பிடித்தது. எப்.எம்.பி.பி. என்று அறியப்படும் மிஷனரி அமைப்பே வி.பி.எஸ். வேலை செய்த இளைஞர்களின் ஜெபக் குழுக்களில் இருந்து எழுந்ததுதான்.

திருவள்ளூர்ப் பகுதிக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி ஈக்காட்டையும் திருவள்ளூரையும் மையமாக வைத்துச் சேரிகளில் பள்ளிகள் நடத்தினார். அப்போது இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டம். அதன் கலெக்டர் டிரெமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த நில ஒதுக்கீட்டு ஆணையும் அந்தக் காலத்தவை. படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது அன்று மத வேலை, சமூக வேலை என்று பிரிக்க முடியாத ஒன்றாக இருந்தது. வெஸ்லியன் சபை 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது.

இன்றைய வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால், அது ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை. சனிக்கிழமை மாலையில் தொடங்குகிறது. சனி மாலை ஆசிரியர்கள் கூடி அடுத்த நாள் பாடத்தைத் தங்களுக்குள் எடுத்துப் பார்ப்பது பழைய சபைகளின் வழக்கம். ஆயரோ மூத்த ஆசிரியரோ பாடத்தை விளக்குவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். புறநகரில் இந்தக் கூட்டம் வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிட்டது. சனி இரவு பத்து மணிக்குப் பாடத்தின் படம் ஒன்று வரும். ஞாயிறு காலை பஸ்ஸில் படித்துக்கொண்டே போவார்கள். வகுப்பின் தரத்தில் தெரியும் சரிவுக்குப் பாதிக் காரணம் இதுதான். கதையை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தவருக்கும் படித்துவிட்டு மட்டும் வந்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு வயதுப் பிள்ளை ஐந்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரிப்பார்கள்: பள்ளி சேராத பாலர், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு, நான்கு முதல் ஆறு, ஏழு முதல் ஒன்பது, அதற்கு மேல். பெயர்கள் சபைக்குச் சபை மாறும். ஆசிரியர் போதாத இடத்தில் இரண்டு பிரிவு ஒன்றாகும். ஒரு மணி நேர வகுப்பில் பாட்டு, ஜெபம், வருகைப் பதிவு, கதை, வசனம், கைவேலை, காணிக்கை எல்லாம் அடங்க வேண்டும். இதில் கதைக்கு மிஞ்சுவது பதினைந்து நிமிடம் இருந்தால் அதிகம். சில சபைகளில் ஆராதனைக்கு முன்பே வகுப்பு முடிந்துவிடும். வேறு சிலவற்றில் ஆராதனை நடக்கும்போதே வகுப்பும் நடக்கும். இரண்டாம் வகையில் ஆசிரியர் வருடம் முழுக்கப் பிரசங்கமே கேட்பதில்லை. பிறருக்குப் பந்தி பரிமாறிவிட்டுத் தான் பசியோடு வீடு திரும்புகிறவர் நிலை அது. இரண்டு ஆராதனை நடத்தும் சபைகள் இதற்கு எளிதில் வழி செய்யலாம். மற்றவை மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆசிரியரை வகுப்பிலிருந்து விடுவிப்பதே நியாயம்.

கதை சொல்வதில்தான் ஆசிரியரின் கைவண்ணம் தெரியும். வேதாகமக் கதைகளின் நிலம் வேறு. ஒலிவ மரத்தையும் ஓநாயையும் பாலைவனத்தையும் வேப்பம்பட்டுப் பிள்ளை பார்த்ததில்லை. ஆடு மேய்ப்பவரைப் பார்த்திருக்கிறது, ஏரியைப் பார்த்திருக்கிறது. 'கலிலேயாக் கடல்' என்றதும் பிள்ளை மெரினாவை நினைக்கும். அது உண்மையில் கடல் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியைவிடப் பல மடங்கு பெரிய ஒரு நன்னீர் ஏரி, நீளம் சுமார் 21 கிலோமீட்டர். இந்த ஒரு விவரத்தைச் சொன்னால் படகு, வலை, புயல், எதிர்க்கரை எல்லாம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வந்து உட்காரும். கடுகு விதைக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு கடுகைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தால் போதும். ஃபிளானல் துணிப் பலகையில் படம் ஒட்டிக் கதை சொன்ன காலம் போய், இப்போது பிளாஷ் கார்டும் கைப்பேசி வீடியோவும் வந்துவிட்டன. வீடியோ போட்டால் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கற்றல் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

பயமுறுத்தும் பகுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜலப்பிரளயம், ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோனது, எகிப்தின் தலைப்பிள்ளைகள் போன்ற கதைகளைப் பாலர் வகுப்பில் முழு விவரத்தோடு சொல்ல வேண்டியதில்லை. அப்பா பிள்ளையைக் கட்டிப்போடும் காட்சியில் நான்கு வயதுக் குழந்தைக்கு மனத்தில் நிற்பது கத்தி மட்டும்தான். இத்தாலியில் சோஃபியா கவலெட்டி என்ற வேத அறிஞர் 1954இல் மாண்டிசோரி முறையில் உருவாக்கிய மறைக்கல்வித் திட்டம், சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல மேய்ப்பனின் கதையையே நடுநாயகமாக வைத்தது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். பிள்ளையின் கையில் பொருளைக் கொடு, பேச்சைக் குறை என்ற அவருடைய வழி இந்த ஊருக்குப் புதியதல்ல. ஞாயிறு பள்ளிகளில் மட்டும் அது அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

வசனம் மனப்பாடம் செய்விப்பதில் இன்று எதிர்பாராத ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. புராட்டஸ்டண்டு சபைகள் பயன்படுத்தும் வேதாகமத்தின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்திய அந்த மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. சமஸ்கிருதச் சொற்களும் நீண்ட வினைமுற்றுகளும் நிறைந்த நடை. கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995ஆம் ஆண்டின் 'திருவிவிலியம்' இன்றைய தமிழுக்கு நெருக்கமானது. எந்தப் பதிப்பானாலும், ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் தடை சொல்லில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழில் சரளமாகப் பேசுகிற பிள்ளை, தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் எழுத்துக் கூட்டித் தடுமாறும். இதற்கு ஆசிரியர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி, வசனத்தை ரோமன் எழுத்தில் தட்டிப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது. லிஸ்பன் அச்சகத்தார் 1554இல் தமிழ் எழுத்து வார்ப்பு இல்லாமல் செய்ததை, எல்லா வசதியும் இருக்கும் காலத்தில் வேப்பம்பட்டு செய்கிறது.

குறுக்கு வழி எடுக்காத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வகுப்பு தொடங்குமுன் பத்து நிமிடம் கரும்பலகையில் ஒரு வசனத்தை எழுதி, எழுத்து எழுத்தாகப் படிக்க வைப்பார்கள். முதல் வாரம் 'க'வரிசை, அடுத்த வாரம் ஒற்றெழுத்து, பிறகு முழு வரி. ஆறு மாதத்தில் பிள்ளை ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தானாகப் பார்த்துப் பாடும். ஒரு வருடத்தில் கடைப் பெயர்ப் பலகை, பஸ் பலகை எல்லாம் படிக்கும். இது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டதில்லை. ரெய்க்ஸின் வகுப்பு செய்த முதல் வேலையும் கௌடியின் சேரிப் பள்ளிகள் செய்த வேலையும் இதுவே. அரசுப் பள்ளிகள் வந்ததும் கைமாறிப் போன எழுத்துப் பாடம் இப்படி ஞாயிறு பள்ளிக்குத் திரும்பி வந்திருக்கிறது. புறநகர் ஞாயிறு பள்ளி செய்யும் வேலைகளிலேயே மிக உறுதியாகப் பலன் தருவது இதுதான் என்று சொன்னால், சபைக் கமிட்டிகளுக்குக் கோபம் வரலாம். ஆனால் அது உண்மை.

வசனப் போட்டிப் பரிசுகள் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் தேவை. எவர்சில்வர் டப்பாவும் டிபன் பாக்ஸும் வருடா வருடம் அதே நாலைந்து பிள்ளைகளுக்குத்தான் போகின்றன. ஞாபக சக்தி குறைவான பிள்ளைக்கு வேதம் அந்நியப்பட்டுப் போவது அந்த மேடையில்தான். வருகைக்கு நட்சத்திரம் ஒட்டும் பழக்கமும் அப்படியே. ஞாயிறு ஷிப்ட் போகும் அப்பா கொண்டுவந்து விடாவிட்டால், நட்சத்திரத்தை இழப்பது பிள்ளை.

மே மாத வி.பி.எஸ். வேறு வகை. முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வரும் அந்தப் பத்து நாளும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை அசைவுப் பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு, இடையே பிஸ்கட்டும் ஜூஸும். பதிப்பகங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு தலைப்பில் பாடப்புத்தகமும் பாட்டும் வெளியிடும். அவற்றைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி முகாம் நடக்கும். வகுப்பு நாட்களில் ஒன்றில் பிள்ளைகள் கொடி பிடித்துத் தெருவில் ஊர்வலம் போவதும், கடைசி நாள் பெற்றோர் முன்னால் நிகழ்ச்சி நடத்துவதும் வழக்கம். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைக்கு நாலு பேரோடு ஆட ஒரு இடம் கிடைத்தால் எந்த வீட்டார்தான் வேண்டாம் என்பார்கள்!

அங்கேதான் தன்னார்வலர் கவனமாக இருக்க வேண்டும். வி.பி.எஸ். ஒரு மத வகுப்பு. 'சம்மர் கேம்ப்' என்று மட்டும் நோட்டீஸில் அடித்துவிட்டு, உள்ளே வேதபாடம் நடத்துவது நேர்மையில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் மதபோதனையில் பங்கேற்கச் செய்ய, மாணவர் சிறுவர் என்றால் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவு சொல்கிறது. சபை வகுப்பு கல்வி நிறுவனம் இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பிரிவின் நியாயம் இங்கேயும் பொருந்தும். என்ன பாடம், என்ன பாட்டு, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல சபைகளின் வழக்கமாகி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். நூற்றில் ஆறு பேர் மற்ற தொண்ணூற்று நான்கு பேரின் பிள்ளைகளைத் தங்கள் வகுப்புக்கு அழைக்கும்போது, ஒளிவுமறைவு இல்லாமல் அழைப்பதே அண்டை வீட்டு உறவைக் காப்பாற்றும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயத்தில் நல்ல மனது போதாது. சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் அதன்படி குழந்தை. மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் குற்றம் செய்தால், 5ஆம் பிரிவின்படி அது கடுமையான வகைக் குற்றமாகிறது. குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. "சபைக்கு அவப்பெயர் வேண்டாம், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று கமிட்டியில் யாராவது சொன்னால், அந்த யோசனையே சட்டப்படி குற்றத்துக்கு அழைத்துப் போகிறது என்பதை எளிய ஞாயிறு பள்ளி ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே வராமல் காப்பதும் கடமை. குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098.

அன்றாட விதிகள் எளியவை. எந்த வகுப்பிலும் ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது, குறைந்தது இருவர் வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகும்போது இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பைக்கில் ஒரு பிள்ளையைத் தனியாக ஏற்றிப் போய் வீட்டில் விடுவது, நல்ல எண்ணத்தில் செய்தாலும், வேண்டாம். வகுப்புப் படங்களைப் பெற்றோர் அனுமதியில்லாமல் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. அடிப்பது, முட்டி போட வைப்பது, எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவது அறவே கூடாது. 'அக்கா', 'அண்ணா' என்ற உறவுச் சொல் இங்கேதான் சோதனைக்கு உள்ளாகிறது. வீட்டு அக்காவை யாரும் விசாரித்துச் சேர்ப்பதில்லை. சபை அக்காவையும் அண்ணனையும் விசாரித்துத்தான் சேர்க்க வேண்டும், அவர் ஆயரின் சொந்தக்காரராக இருந்தாலும்.

வேப்பம்பட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. வகுப்பு ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்றால், பிள்ளைகள் தண்டவாளத்தைக் கடந்துதான் வர வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகள் இங்கே நிற்பதில்லை. வேகமாகக் கடந்து போகும். ஆகவே யார் கொண்டுவந்து விடுவார், யார் கூட்டிப்போவார் என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் வருகைப் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். அந்தப் பெயர் வந்து நிற்கும்வரை பிள்ளையை வெளியே விடுவதில்லை என்பதில் ஆசிரியர் பிடிவாதமாக இருப்பது நல்லது.

ஆள் பற்றாக்குறை எல்லாச் சபைகளின் புலம்பல். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் பிள்ளைகளே ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். ஐ.டி. வேலை கிடைத்த இளைஞர் ஞாயிறு தூங்க நினைக்கிறார். தவறென்று சொல்ல முடியாது. மிஞ்சும் பாரம் பெரும்பாலும் பெண்கள் தலையில். ஞாயிறு சமையலை முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடி வந்து, வகுப்பு முடிந்ததும் சமையலுக்கு ஓடுகிறார்கள். சார்ட், ஸ்கெட்ச் பேனா, பரிசுப் பென்சில் எல்லாம் அவர்கள் கைக்காசு. ஆண்டு விழாவில் சால்வை போர்த்துவதைவிட, வருடத்துக்கு ஒரு சிறு தொகையைப் பட்ஜெட்டில் ஒதுக்குவது அவர்களுக்கு மரியாதை. மூன்று வருடம் பாடம் எடுத்தவருக்கு ஒரு வருடம் ஓய்வு தருவதும் அப்படித்தான். ஓய்வில்லாமல் பத்து வருடம் உழைத்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார். சபை அப்போதுதான் அவர் இருந்ததையே கவனிக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாகவே போப் பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் ஏற்படுத்தினார். பயிற்சியும் மறைமாவட்ட ஆயரின் அங்கீகாரமும் பெற்று ஏற்கும் பொறுப்பு அது. புராட்டஸ்டண்டு சபைகளில் நியமனம் பெரும்பாலும் இன்னும் வாய்மொழிதான்: "நீ நல்லாப் பாடுறியே, அடுத்த வாரத்திலிருந்து சின்னப் பிள்ளைங்களைப் பார்த்துக்கோம்மா." இந்த ஒற்றை வாக்கியத்தில் சேர்ந்தவர்களில் அருமையான ஆசிரியர்கள் உண்டு. அது அவர்களுடைய திறமை, சபையின் சாமர்த்தியம் இல்லை.

புதிதாகச் சேர விரும்புகிறவர் மார்ச் மாதத்துக்குள் ஆயரிடமோ ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளரிடமோ பெயர் கொடுத்துவிடுவது நல்லது. மே மாத வி.பி.எஸ்.ஸுக்கான பயிற்சி அதற்குள் தொடங்கிவிடும். பள்ளி திறக்கும் ஜூனில் ஞாயிறு பள்ளிக்கும் புது வருடம் பிறக்கும். ஒழுங்காக நடக்கும் இடத்தில் முதல் நாளே வகுப்பை ஒப்படைக்க மாட்டார்கள். சில வாரங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாத சபையில், அதை நீங்களே கேட்டு வாங்குங்கள்.